விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் பாதுகாப்பு நடத்தை

பாதுகாப்பு நடத்தை என்பது, ஒரு தொழிலாளி தன் உயிருக்கும் உடன் வேலை செய்வோரின் உயிருக்கும் ஊறு நேராதபடி வேலை செய்யும் முறையைக் குறிக்கும். விதிகளைப் பின்பற்றுதல், பாதுகாப்புச் சாதனங்களைப் பயன்படுத்துதல், ஆபத்தைக் கண்டால் எடுத்துச் சொல்லுதல் ஆகியவை இதில் அடங்கும். இந்நடத்தை தொழிலாளியின் அறிவு, பழக்கம், அச்சம், களைப்பு போன்ற தனிமனிதக் காரணிகளால் அமைகிறதா, கூலி முறை, கட்டடம், மேற்பார்வை, உரிமையாளரின் அக்கறை போன்ற நிறுவனக் காரணிகளால் அமைகிறதா என்ற கேள்வி தொழிற்பாதுகாப்பின் வரலாற்றில் நூறாண்டுகளாகத் தொடர்கிறது. தமிழ்நாட்டில் இக்கேள்வி திரும்பத் திரும்ப எழுந்த இடம் விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழில். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் தொழிலாளியின் கவனக்குறைவா, ஆலையின் விதிமீறலா என்ற வழக்கு நீதிமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் ஊர்த் திண்ணைகளிலும் நடந்துவருகிறது.

கரிசல் நிலமும் ஆலை வேலையும்

விருதுநகர் மாவட்டம் 1985 மார்ச் 15 அன்று பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே மலையடிவாரத்திலுள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளைத் தவிர்த்தால் மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலம். சாத்தூர், வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பருத்தியும் சோளமும் கம்பும் பயறு வகைகளும் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படுகின்றன. கண்மாய் பெருகினால் வேளாண்மை உண்டு, இல்லையென்றால் வெளிவேலைதான். குண்டாற்றில் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் மணலே தெரியும்.

நிலம் இப்படி இருந்ததால் மாவட்டத்தில் ஊருக்கொரு தொழில் வளர்ந்தது. அருப்புக்கோட்டையில் நெசவும் நூற்பாலையும், சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும், சாத்தூரில் தீப்பெட்டியும் பேனா முனையும், விருதுநகரில் வணிகமும் நிலைபெற்றன. கிராமத்துப் பெண்கள் விடியற்காலையில் ஆலை வண்டியில் ஏறி, இருட்டும் நேரத்தில் திரும்புவது இங்கே இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம். பட்டாசு வேலையின் ஆபத்தைத் தொழிலாளர்கள் அறியாமல் செல்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவதுண்டு. அது சரியன்று. தீக்காயத் தழும்புள்ள ஒருவரேனும் இல்லாத தெரு அப்பகுதியில் குறைவு. ஆபத்து தெரிந்தேதான் போகிறார்கள். மழை பொய்த்த ஆண்டில் வாரக்கூலி கையில் வரும் வேலை அது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

தொழிலின் தொடக்கம்

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது. வேலையில் காயமுற்ற தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்று இந்தியாவில் முதன்முதலாகக் கூறிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதே 1923-ல்தான் இயற்றப்பட்டது. ஆனால் குடிசைத் தொழிலாகப் பரவிய தீப்பெட்டி வேலைக்கு அச்சட்டத்தால் நெடுங்காலம் பெரிய பயன் ஏற்படவில்லை.

தீப்பெட்டியோடு வண்ண மத்தாப்புத் தீப்பெட்டிகளும் சிறு பட்டாசுகளும் செய்யப்பட்டன. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் 1940-ல் விதிகள் வகுக்கப்பட்டபோது பட்டாசு உற்பத்திக்கு முறையான உரிமம் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்தும் நின்றது. உரிமம் பெற்ற ஆலைகள் சிவகாசியில் எழுந்தன. இன்று மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் உள்ளன. இந்தியாவில் வெடிக்கப்படும் பட்டாசில் பெரும்பகுதி இங்கிருந்து செல்கிறது.

உரிமங்கள் மூன்று வகை. ஒரு நேரத்தில் 15 கிலோ வரை மருந்து வைத்திருக்கும் சிறு ஆலைக்கு மாவட்ட நிருவாகம் உரிமம் தருகிறது. 500 கிலோ வரை சென்னையிலுள்ள வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரியும், அதற்கு மேல் நாக்பூரிலுள்ள தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரியும் உரிமம் தருகின்றனர். ஊர் வழக்கில் இவை ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ எனப்படுகின்றன. பாதுகாப்பைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர், ஆய்வகம், போதிய இடைவெளி உள்ள அறைகள் ஆகியவற்றுக்கு வசதி உண்டு. சிறு ஆலைகளில் உரிமையாளர், மேலாளர், கணக்குப்பிள்ளை எல்லாம் சில வேளைகளில் ஒரே ஆள்தான்.

மருந்தின் இயல்பு

பட்டாசுத் தொழிலில் ‘மருந்து’ என்பது வேதிக் கலவையைக் குறிக்கும். வெடிவகைகளில் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை முக்கியப் பொருள்கள். நைட்ரேட் ஆக்சிசனைத் தருகிறது, கந்தகம் எளிதில் பற்றுகிறது, அலுமினியம் கடும் வெப்பத்துடன் எரிகிறது. பச்சை ஒளிக்குப் பேரியம் நைட்ரேட்டும் சிவப்புக்கு ஸ்டிரான்சியம் நைட்ரேட்டும் சேர்க்கப்பட்டன. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை மிகச் சிறு உராய்வுக்கும் வெடிக்கும் என்பதால் 1992 சனவரியில் மத்திய அரசு அக்கலவையைத் தடை செய்தது.

மருந்து கலத்தல், சலித்தல், குழாயில் செலுத்துதல், திரி வைத்தல் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் நடக்கவேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அறைகளுக்கிடையே இடைவெளி வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும். இரும்புக் கருவிக்குப் பதில் பித்தளை, செம்பு, மரக் கருவிகளையே பயன்படுத்தவேண்டும். தரையில் இரப்பர் விரிப்பு, உடலில் பருத்தி ஆடை, உள்ளே நுழையுமுன் உடலிலுள்ள நிலைமின்சாரம் இறங்கத் தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடுதல் ஆகியவையும் நடைமுறையில் உள்ள விதிகள். செயற்கை இழைச் சேலை உரசினாலே பொறி தோன்றலாம்.

இவற்றுள் அதிகம் மீறப்படுவதும் அதிகம் கொல்வதுமான விதி ஒன்று உண்டு. அன்று கலந்த மருந்தை அன்றே பயன்படுத்தி முடிக்கவேண்டும் என்பதே அது. மீதமான அலுமினியக் கலவை இரவில் ஈரத்தை உறிஞ்சினால் மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். பூட்டிய அறையில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. காலையில் கதவைத் திறப்பவர் முகத்தில் அது வெடிக்கிறது. வேலை தொடங்கும் முன்பே நடந்த விபத்துகள் பலவற்றுக்கு இது விளக்கம் தருகிறது. மருந்தை மிச்சம் வைத்தவர் முந்தைய நாள் மாலை வீட்டுக்குப் போனவர். அவர் ஏன் மிச்சம் வைத்தார் என்று கேட்டால் விடை, மறுநாள் காலையில் துண்டுக்கூலிக்காரர்கள் மருந்துக்குக் காத்திருக்கக்கூடாது என்பதாகவே பெரும்பாலும் இருக்கும்.

‘உராய்வு’ என்ற காரணம்

பட்டாசு விபத்துச் செய்திகளில் வழக்கமாக இடம்பெறும் வாக்கியம் ‘உராய்வு காரணமாக வெடிவிபத்து ஏற்பட்டது’ என்பது. வேதியியல்படி இதில் தவறில்லை. ஆனால் அது விசாரணையைத் தொடங்குவதற்குப் பதில் முடித்துவிடுகிறது. உராய்ந்த கை யாருடையது என்று தேடினால் இறந்துபோன தொழிலாளியின் கையாக இருக்கும். அவர் பதில் சொல்ல இயலாதவர்.

தொழிலாளியின் கையில் காரணத்தைத் தேடும் இந்தப் பழக்கம் சிவகாசிக்கு மட்டும் உரியதன்று. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனின் போர்த்தளவாட ஆலைகளில் வேலை செய்த பெண்களின் விபத்துப் பதிவுகளை ஆராய்ந்த மேஜர் கிரீன்வுட்டும் ஹில்டா உட்ஸும் 1919-ல் வெளியிட்ட அறிக்கையில், விபத்துகள் எல்லோருக்கும் சமமாக நேர்வதில்லை, சிலருக்கு மட்டும் மீண்டும் மீண்டும் நேர்கின்றன என்றனர். (மேஜர் என்பது அவருடைய பெயர், படைப் பதவியன்று.) இதிலிருந்து ‘விபத்துக்கு ஆளாகும் இயல்பு’ என்ற கருத்து 1920-களில் உருவானது. அத்தகையோரை இனங்கண்டு விலக்கினால் போதும் என்று ஆலைகள் எண்ணின.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய எச். டபிள்யூ. ஹைன்ரிச் 1931-ல் வெளியிட்ட நூலில், விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களாலும் 10 விழுக்காடு பாதுகாப்பற்ற சூழலாலும் நேர்கின்றன என்று கூறினார். இந்த எண்கள் உலகெங்கும் பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகின்றன. ஆனால் அவர் பயன்படுத்தியவை காப்பீட்டுக் கோரிக்கைகளும் ஆலை மேலாளர்கள் எழுதிய அறிக்கைகளும் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. விபத்துக்குக் காரணம் எழுதும் பேனா யார் கையில் இருந்தது என்பதை மறந்துவிட்டு அந்த 88-ஐ எடுத்துக்கொள்ள முடியாது.

கருத்து மாறியது

1980-ல் இஸ்ரேலிய உளவியலாளர் டோவ் சோஹர் 20 ஆலைகளில் ஆய்வு நடத்திப் ‘பாதுகாப்புச் சூழல்’ என்ற கருத்தை முன்வைத்தார். ஆலையில் பாதுகாப்புக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று தொழிலாளர்கள் எண்ணுகிறார்கள் என்பதே அது. சுவரில் எழுதிய வாசகத்தை விட, உற்பத்தி குறைந்தபோதும் பாதுகாப்பு குறைந்தபோதும் மேலாளர் எதற்குக் கோபப்படுகிறார் என்பதைப் பார்த்தே தொழிலாளர்கள் அந்த மதிப்பை அறிகிறார்கள். 1984-ல் போபால், 1986-ல் செர்னோபில் ஆகிய பேரழிவுகளுக்குப் பிறகு நிறுவனக் காரணிகள் மீது கவனம் திரும்பியது. செர்னோபில் குறித்த பன்னாட்டு அணுசக்தி முகமையின் அறிக்கைகளில் ‘பாதுகாப்புப் பண்பாடு’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது. ஜேம்ஸ் ரீசன் 1990-ல், கடைசிக் கணத்தில் ஓர் ஆள் செய்யும் பிழைக்கும், அதற்குப் பல மாதங்களோ ஆண்டுகளோ முன்பே நிறுவனத்துக்குள் படிந்துவிட்ட மறைமுகக் குறைகளுக்கும் வேறுபாடு காட்டினார். இந்தியாவில் போபாலுக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, அபாயகரமான தொழில்களில் தொழிலாளருக்கு ஆபத்தைத் தெரிவிக்கவேண்டிய கடமையும், உடனடி ஆபத்தை எடுத்துச் சொல்லும் தொழிலாளியின் உரிமையும் சேர்க்கப்பட்டன.

ஆண்ட்ரூ நீல், மார்க் கிரிஃபின் என்ற ஆய்வாளர்கள் 2000-ல் பாதுகாப்பு நடத்தையை இரண்டாகப் பிரித்தனர். ஒன்று, விதிக்கு இணங்குதல். மற்றொன்று, தானே முன்வந்து பங்கேற்றல்: குறையைச் சுட்டுவது, புதிய ஆளுக்குச் சொல்லித் தருவது, கூட்டத்தில் பேசுவது போன்றவை. பட்டாசு ஆலைகளில் முதலாவதை ஆய்வாளர் வரும் நாளில் காணலாம். இரண்டாவது அரிது. ‘இந்த அறையில் மருந்து அதிகமாக இருக்கிறது’ என்று சொல்லும் தொழிலாளிக்கு மறுநாள் வேலை உண்டு என்ற உறுதியை யார் தருவது?

மரத்தடி வேலை

ஆய்வு அறிக்கைகளில் அடிக்கடி குறிப்பிடப்படும் விதிமீறல்களில் ஒன்று, அறைக்கு வெளியே மரத்தடியில் அமர்ந்து வேலை செய்வது. அறைக்கு மின்னிணைப்பு கிடையாது, ஆகவே மின்விசிறியும் கிடையாது. பொறி தோன்றும் என்பதால் அவ்விதி சரியானதே. சித்திரை, வைகாசியில் கரிசல் வெயிலில் அந்தச் சிறு அறை அடுப்பாகிவிடும். ஆலை வளாகத்தில் அறைகளுக்கிடையே வேம்பு நிழல் தருகிறது. தொழிலாளி மருந்தையும் குழாயையும் எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போகிறார். அங்கே நான்கு பேர் என்ற கணக்கு இல்லை. பத்துப் பேர் கூடுகிறார்கள். மருந்துத் தூள் மண்ணில் சிந்துகிறது. பாதுகாப்பு இடைவெளிக்காக விடப்பட்ட நிலமே வேலைத்தளமாகிவிடுகிறது.

இதைத் தொழிலாளியின் ஒழுங்கின்மை என்று எழுதலாம். ஆனால் உயரமான கூரை, காற்றோட்டம், நண்பகலில் வேலை நிறுத்தம் ஆகியவை இருந்தால் மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை. கோடையில் நண்பகல் நேரத்தில் மருந்து வேலையைத் தவிர்க்கவேண்டும் என்ற அறிவுரை பல முறை தரப்பட்டுள்ளது. துண்டுக்கூலிக்கு வேலை செய்பவருக்கு அந்த நேரம் கூலியற்ற நேரம் என்பதால் அறிவுரை அறிவுரையாகவே நிற்கிறது.

முதலிப்பட்டி, 2012

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தீபாவளிக்கு இரண்டு மாதங்களே இருந்தன. ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. இறந்தவர்களில் கணிசமானோர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். முதலில் எழுந்த புகையைக் கண்டு காப்பாற்றவும் பார்க்கவும் அருகிலிருந்து ஓடிவந்தவர்கள் அடுத்து நிகழ்ந்த பெருவெடிப்பில் சிக்கினர்.

பாதுகாப்பு நடத்தை பற்றிய ஆய்வுக்கு இது முக்கியமான நிகழ்வு. பிறர் உயிரைக் காக்க ஓடுவது எந்த ஊரிலும் நற்குணம். தீப்பிடித்த பட்டாசு ஆலையில் அதுவே சாவுக்கு இட்டுச்சென்றது. அந்த ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை மணி, விலகும் தூரம், கூட்டத்தைத் தடுக்கும் காவல் என எதையும் யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. அவசரகாலத் திட்டம் என்பது ஆலைச் சுவருக்கு உள்ளே வைக்கும் வாளி மணலோடு முடிந்துவிடுவதன்று.

அச்சங்குளமும் உள்குத்தகையும்

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. பலரும் அறிந்திருந்தும் ஆவணத்தில் இல்லாத ஒன்று அப்போது பொதுவெளிக்கு வந்தது. அதுதான் உள்குத்தகை.

உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை மற்றொருவருக்குக் குத்தகைக்கு விடுவார். அவர் அறைகளைச் சிலருக்குப் பிரித்துவிடுவார். ஒவ்வோர் அறைக்காரரும் தம் ஆட்களை வைத்துத் தமக்கு வேண்டிய வகையைச் செய்வார். வெடிபொருள் விதிகள் இதற்கு இடந்தருவதில்லை. ஆயினும் நடக்கிறது. குத்தகைக்காரர் கொடுத்த பணத்தைக் குறிப்பிட்ட மாதங்களுக்குள் எடுக்கவேண்டும். ஆகவே நான்கு பேர் அறையில் எட்டுப் பேர், அனுமதித்த அளவைப் போல் இரு மடங்கு மருந்து என்று கணக்கு மாறுகிறது. எளிய வகைக்கு உரிமம் பெற்ற இடத்தில் இலாபம் மிகுந்த ‘பேன்சி’ வகைகள் செய்யப்படுகின்றன. அவற்றுக்கு வேண்டிய மணி மருந்து செய்ய உலர்த்தும் களமும் அனுபவமும் தனியாக வேண்டும்.

உள்குத்தகையில் பாதுகாப்பு நடத்தைக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் என்ற ஒன்றே கரைந்துபோகிறது. மருந்து கலப்பவர் யாருடைய ஆள்? போர்மேன் யாருக்குக் கட்டுப்பட்டவர்? விதிப்படி சான்று பெற்ற போர்மேன் மேற்பார்க்கவேண்டும். உரிமையாளரிடம் சம்பளம் வாங்கும் போர்மேன், குத்தகைக்காரரின் ஆளை வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது. விபத்து நடந்தால் முதலில் கைதாகிறவர்களில் மட்டும் அவர் தவறாமல் இருக்கிறார்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு பழைய வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் டெலவேரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-ல் வெடிமருந்து ஆலை நிறுவிய இ. ஐ. டுபான், ஆலைக் கட்டடங்களின் மூன்று பக்கச் சுவர்களைத் தடித்த கல்லாலும் ஆற்றை நோக்கிய பக்கத்தையும் கூரையையும் இலேசாகவும் கட்டினார். வெடித்தால் வேகம் ஆற்றை நோக்கிப் போகும். அவரும் குடும்பத்தாரும் ஆலைக்கு அருகிலேயே குடியிருந்தனர். புதிய ஆலையை உரிமையாளர் குடும்பத்தினர் முதலில் இயக்கிக் காட்டிய பிறகே தொழிலாளர் நுழையவேண்டும் என்ற விதியும் இருந்தது. அங்கும் விபத்துகள் நிற்கவில்லை. 1818-ல் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் ஆலையில் மது தடை செய்யப்பட்டது. என்றாலும் விதியை எழுதியவரும் வெடிக்கு அருகில் வாழ்ந்தவரும் ஒருவரே. அச்சங்குளம் போன்ற இடங்களில் உரிமம் வைத்திருப்பவர், குத்தகைப் பணம் வாங்குபவர், மருந்தைத் தொடுபவர் ஆகியோருக்கிடையே உள்ள தொலைவுதான் ஆபத்தின் அளவு.

அச்சங்குளத்தில் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா ரூ.20 இலட்சம் வழங்கத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. ஆனால் பெரும்பாலான விபத்துகளில் முதலில் கைக்கு வருவது அரசின் நிவாரணத் தொகை. குடும்பங்களுக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. விபத்தின் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கும்போது, விதியை மீறிய ஆலைக்கு அந்த மீறல் மலிவாகிவிடுகிறது என்பதும் உண்மை.

கூலி, முன்பணம், அவசரம்

விபத்துகளுக்குத் ‘தீபாவளி அவசரம்’ காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் 13 பேர் இறந்த விபத்து தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு நடந்தது. செய்த பட்டாசை வெடித்துச் சோதித்தபோது தெறித்த பொறி காரணம் என்று கூறப்பட்டது. ஆனால் அச்சங்குளம் விபத்து பிப்ரவரியில் நடந்தது. 2024-ல் இராமுத்தேவன்பட்டியில் பிப்ரவரி 17 அன்றும் செங்கமலப்பட்டியில் மே 9 அன்றும் நடந்த விபத்துகளில் தலா 10 பேர் இறந்தனர். ஆகவே பண்டிகை அவசரம் மட்டும் விளக்கமாகாது. துண்டுக்கூலி ஆண்டு முழுவதும் அவசரத்தை உண்டாக்குகிறது.

திரி வைப்பதற்கும் சரம் பின்னுவதற்கும் மருந்து செலுத்துவதற்கும் எண்ணிக்கைக் கணக்கில் கூலி. கை வேகம் கூடினால் வருமானம் கூடும். மெல்ல ஊற்றவேண்டிய மருந்தை வேகமாகக் கொட்டவும் மெல்ல நகர்த்தவேண்டிய தட்டை இழுக்கவும் இதுவே தூண்டுகிறது. பல இடங்களில் ஆள் பிடிக்க முன்பணம் தரும் வழக்கமும் உண்டு. முன்பணம் வாங்கியவர் அது தீரும்வரை ஆலை மாற முடியாது. பாதுகாப்பான ஆலையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்கு இல்லாமல் போகிறது.

பழக்கம் என்ற தனிமனிதக் காரணியையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. இருபது ஆண்டுகள் மருந்து கலந்தவருக்கு அச்சம் மரத்துப்போகிறது. ஒவ்வொரு நாளும் விதியை மீறி, ஒவ்வொரு நாளும் உயிரோடு வீடு திரும்பியவர், விதி தேவையற்றது என்றே கற்றுக்கொள்கிறார். அனுபவம் பாதுகாப்பைத் தரும் என்ற பொது நம்பிக்கை இத்தொழிலில் பாதிதான் சரி. புதிய ஆள் அறியாமையாலும் பழைய ஆள் துணிச்சலாலும் தவறுகின்றனர். இருவருக்கும் ஒரே வகுப்பு எடுத்துப் பயனில்லை.

குழந்தைத் தொழில் கற்பித்தது

1976-ல் சிவகாசிப் பகுதியில் தீப்பெட்டி ஆலைக்குக் குழந்தைகளை ஏற்றிச்சென்ற வண்டி விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் இறந்தனர். தமிழக அரசு ஹர்பன்ஸ் சிங் குழுவை அமைத்தது. 1986-ல் இயற்றப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசுத் தொழில்களைத் தடைப் பட்டியலில் வைத்தது. எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 நல நிதியில் செலுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசியும் தொடக்க இடங்களில் ஒன்று. சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டன.

அக்காலத்தில் பெற்றோரின் மனப்பான்மைதான் காரணம், அதை மாற்ற முடியாது என்று பலர் எழுதினர். பள்ளி, மதிய உணவு, ஆய்வு, தண்டம் ஆகியவை ஒருசேர வந்தபோது பதினைந்து இருபது ஆண்டுகளில் ஆலைகளில் குழந்தைகள் பெருமளவு குறைந்தனர். மாற்ற முடியாதது என்று சொல்லப்பட்ட மனப்பான்மை, சூழ்நிலை மாறியதும் மாறிவிட்டது. ‘தொழிலாளி சொன்னால் கேட்பதில்லை’ என்று இன்று சொல்வோர் இந்த அனுபவத்தை எண்ணிப்பார்ப்பதில்லை.

மூடுதலும் வீட்டுத் திரியும்

உச்சநீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் அளித்த தீர்ப்பு பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம் என்றது. அதனைத் தொடர்ந்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக்கிடந்தன. விபத்துக்குப் பின் ஆய்வுக்குழுக்கள் வரும்போதும் ஆலைகளை மூடுவது வழக்கமாகியுள்ளது. ஆலை மூடினால் வேலை நிற்கவேண்டும். ஆனால் அது வீட்டுக்கு வந்துவிடுகிறது. கருந்திரி சுற்றுவதும் சிறு பட்டாசு செய்வதும் உரிமமின்றி வீட்டுத் தாழ்வாரங்களில் நடக்கின்றன. 2021 சூனில் தாயில்பட்டியில் வீடொன்றில் நடந்த வெடிப்பில் குழந்தையும் பலியானது. ஆலையில் ஏட்டளவிலாவது இருந்த நான்கு பேர் விதி, செம்புத் தகடு, மணல் வாளி எதுவும் வீட்டில் இல்லை. விளக்கும் அடுப்பும் உண்டு.

கண்காணிப்புக் கடுமையாகும்போது ஆபத்து குறைகிறதா, இடம் மாறுகிறதா என்பதை இப்பகுதியில் தனியாகக் கணக்கிடவேண்டியுள்ளது. மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் தொழிலாளருக்கும் போர்மேன்களுக்கும் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. வகுப்புக்கு வரும் போர்மேன் கற்றுக்கொண்டு ஆலைக்குத் திரும்புகிறார். அவர் வேலையை நிறுத்தினால் அன்றைய இழப்பை ஏற்க உரிமையாளர் ஒப்புகிறாரா என்பது பயிற்சி மையத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை.

இ. குமாரலிங்கபுரம்

மாவட்டத்தின் பாதுகாப்பு வரலாற்றில் அடுத்த கட்டம் பட்டாசுக்கு வெளியே தொடங்கவிருக்கிறது. மத்திய அரசின் பி.எம். மித்ரா திட்டத்தில் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட ஏழு ஜவுளிப் பூங்காக்களில் தமிழ்நாட்டுக்குரியது விருதுநகர் மாவட்டத்தின் இ. குமாரலிங்கபுரத்தில், சிப்காட்டுக்குச் சொந்தமான 1,052 ஏக்கர் நிலத்தில் அமைகிறது. நூற்பு, நெசவு, சாயம், ஆயத்த ஆடை ஆகியவற்றை ஒரே வளாகத்தில் கொண்டுவருவது திட்டம். பட்டாசுக்குப் போகும் வீடுகளிலிருந்தும் அருப்புக்கோட்டைத் தறிக்குப் போகும் வீடுகளிலிருந்தும் இங்கே ஆட்கள் வருவர்.

ஜவுளி வேலையின் ஆபத்து ஓசையின்றி வருவது. பஞ்சுத் தூசி பல ஆண்டுகளில் நுரையீரலைக் கெடுக்கிறது. இயந்திர இரைச்சல் செவியைக் கெடுக்கிறது. சுழலும் உருளையில் முந்தானையோ கூந்தலோ சிக்குவது, சாயக்கழிவுத் தொட்டியில் இறங்கியவர் நச்சு வாயுவால் மடிவது ஆகியவை தமிழகத்தின் பிற ஜவுளி ஊர்கள் கண்டவை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பஞ்சைப் பிரிக்கும் இயந்திரம் இயங்கும் பகுதியில் பெண்களையும் குழந்தைகளையும் அமர்த்தக்கூடாது என்று தனிப் பிரிவே வைத்திருந்தது. பருத்தி விளையும் ஊர்களின் பஞ்சாலைகளில் நேர்ந்தவற்றின் நிழல் அப்பிரிவில் தெரிகிறது.

பட்டாசு ஆலைகளுக்கு இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. கட்டடங்கள் இனிமேல்தான் எழவேண்டும். தூசி உறிஞ்சும் குழாய், இயந்திர உறை, தொழிலாளர் பாதுகாப்புக் குழு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே பயிற்சி, கூலியைக் குறைக்காத ஓய்வு நேரம் ஆகியவற்றை முதல் வரைபடத்திலேயே சேர்க்கலாம். ஒரே பூங்காவில் பல நிறுவனங்கள் இயங்கும்போது துணை ஒப்பந்தங்கள் பெருகும். அறைகளைப் பிரித்துக் குத்தகைக்கு விட்ட பட்டாசு ஆலையில் எழுந்த பொறுப்புக் கேள்வி, கொட்டகைகளை வாடகைக்கு விடும் ஜவுளிப் பூங்காவிலும் எழக்கூடியதே. பூங்காவுக்கான ஒப்பந்தப் பத்திரங்களில் விபத்துக்கு யார் பொறுப்பு என்று எழுதப்படும் வரிகளை அங்கே வேலைக்குப் போகவிருக்கும் குமாரலிங்கபுரத்துக்காரர்கள் படிக்கக் கிடைக்கவேண்டும்.